கல்ச்சர் ரிப்போர்ட் வந்தாச்சா?

'கல்ச்சர்' என்ற வார்த்தைக்குப் போன வருஷம் வரை எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். மார்கழிக் கச்சேரி, பொங்கலுக்குப் பட்டு வேட்டி, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, "உங்க அப்பாவுக்கு கல்ச்சர் அனுப்பியிருக்கோம்" என்று டியூட்டி டாக்டர் சொன்னபோது திருதிருவென்று முழித்தேன். ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் வவுச்சருக்கு டிக் அடித்த பி.காம்.காரனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. புராஸ்டேட் தொந்தரவு உண்டு. இரண்டு நாளாக ஜுரம். "சுக்குக் கஷாயம் குடிச்சாப் போயிடும்டா" என்று டாக்டரிடம் வர மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் கூப்பிட்டது பெரியப்பாவை. பெரியப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது.

சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்துக்குத் தாவிவிட்டது என்றார் டாக்டர். எந்தக் கிருமி என்று தெரியாது. அதனால் பலவகைக் கிருமிகளை அடிக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள்.

"ரிப்போர்ட் வந்தாத்தான் கிருமி பேர் தெரியும். மருந்து மாத்தணும்னா அப்ப மாத்திக்கலாம்."

"எப்ப சார் வரும்?"

"ரெண்டு நாள் ஆகும். மூணு நாளும் ஆகலாம்."

எங்கள் தொழிலில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். யார் போட்ட பணம் என்று தெரியாவிட்டால் அதில் ஒதுக்கி வைத்து, மார்ச் மாசக் கடைசியில் பார்த்துக்கொள்வோம். இங்கே சஸ்பென்ஸில் கிடப்பது என் அப்பா.

* * *

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அப்பாவுக்கு பி.பி. இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா வாயில் கந்த சஷ்டி கவசம், கையில் ஃப்ளாஸ்க். எதிர் டீக்கடையில் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் 'மைக்ரோபயாலஜி' என்று படித்ததும் விடுவேனா? பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி, ஒரு கல்ச்சருக்கு எதுக்கு மூணு நாள்?"

எத்தனை பேர் இப்படிக் கேட்டிருப்பார்களோ, அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

"அண்ணே, ஒரு மில்லி ரத்தத்துல கிருமி ஒண்ணோ பத்தோதான் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதான் சாப்பாடு போட்டு வளர்க்கிறோம். சூப் மாதிரி ஒரு திரவம் உள்ள பாட்டில்ல எட்டு, பத்து மில்லி ரத்தத்தை விட்டு, உடம்புச் சூட்டுல மெஷினுக்குள்ள வச்சிடுவோம். கிருமி பெருகுச்சுன்னா கார்பன் டை ஆக்ஸைடு வரும். பாட்டில் அடியில கலர் மாறும். மெஷின் அதைப் பார்த்துட்டு பீப் அடிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள அடிச்சிடும். அஞ்சு நாள் வரைக்கும் அடிக்கலைன்னா, கிருமி வளரலைன்னு எழுதிடுவோம்."

"சரி, அடிச்சாச்சு. அப்புறம்?"

"அப்புறம்தான் பழைய கதை. அந்தப் பாட்டில்லேர்ந்து ஒரு சொட்டை எடுத்து, பிளேட்ல இழுத்து, ராத்திரி பூரா வளர விடணும். மறுநாள் புள்ளி புள்ளியா வந்திருக்கும். அந்தப் புள்ளியை எடுத்து, சர்க்கரை கொடுத்துப் பார்க்கிறது, அது இதுன்னு டெஸ்ட். அதுக்கு இன்னொரு நாள்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டிலுக்கு ஒரு நாள், பிளேட்டுக்கு ஒரு நாள், பெயர் வைக்க ஒரு நாள். குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை யோசிப்பதில்லை.

"பயப்படாதீங்கண்ணே. அந்தக் கடைசி ஒரு நாளை ஒரு மெஷின் முழுங்கிடுச்சு. நடுவுல இருக்கிற ஒரு நாளை நாங்க முழுங்கப் பார்க்கிறோம்" என்றார். இன்று ராத்திரி அவர்தான் ஷிஃப்ட். அப்பாவின் பெட் நம்பரை வாங்கிக் கையில் எழுதிக்கொண்டு போனார்.

* * *

அந்த மெஷினின் பெயர் மால்டி-டாஃப். விலை கோடியில். அதன் கதையை அப்புறம் அவரிடமும், புத்தகங்களிலும் துருவித் தெரிந்துகொண்டேன். ஆபீஸ் வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய கதை.

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் புரோட்டீன் தயாரிக்கும் குட்டித் தொழிற்சாலைகள் உண்டு. ரைபோசோம் என்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் கட்டுமானத்திலேயே பல புரோட்டீன்கள் உண்டு. ஒவ்வொரு இனத்திலும் அந்தப் புரோட்டீன்களின் எடை கொஞ்சம் வித்தியாசப்படும். அந்த எடைகளை வரிசையாக எழுதினால் அதுவே கிருமியின் கைரேகை.

எடை பார்ப்பது எப்படி? எஃகுத் தட்டில் கிருமியைத் துளி தடவி, மேலே ஒரு ரசாயனத்தை விட்டுக் காய வைத்து, லேசர் அடிப்பார்கள். புரோட்டீன்கள் மின்னூட்டத்தோடு ஆவியாகக் கிளம்பும். எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளு. காற்றில்லாத குழாயில் ஓட வேண்டும். ஒல்லி ஆசாமி முதலில் வந்து சேருவான், குண்டு ஆசாமி பின்னால் வருவான். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்கிட்டு, கம்ப்யூட்டர் தன் லெட்ஜரில் உள்ள ஆயிரக்கணக்கான கைரேகைகளோடு டேலி பண்ணும். சில நிமிஷங்களில் பெயர் வந்துவிடும்.

இதில் கஷ்டம் என்ன தெரியுமா? புரோட்டீன் மேல் நேராக லேசரை அடித்தால் அது சிதறிப்போகும். அப்பளத்தை நேரடியாகத் தணலில் போட்ட மாதிரி. எதோடு கலந்து அடித்தால் முழுசாகக் கிளம்பும்? ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஷிமாட்ஸு கம்பெனியில் கொய்ச்சி தனாகா என்று ஒரு இன்ஜினீயர். படித்தது எலெக்ட்ரிகல், டாக்டர் பட்டம் கிடையாது. 1985-ல் ஒரு நாள் கோபால்ட் பொடியில் வேறு எதையோ விடுவதற்குப் பதிலாகத் தப்பாக கிளிசரினைக் கலந்துவிட்டார். விலை அதிகமான பொடி. கொட்டினால் வீணாகுமே என்று அதையே மெஷினில் வைத்தார். பெரிய மூலக்கூறு உடையாமல் கிளம்பியது! 2002-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தபோது வயது 43. கம்பெனியில் இன்னும் ஓர் ஊழியர். இன்று ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் கலவை, அதே 1980-களில் ஜெர்மனியில் கராஸ், ஹில்லன்காம்ப் என்ற இருவர் கண்டுபிடித்த வகை.

சேதாரத்துக்கு பயந்து, தப்பான சரக்கையும் தூக்கிப் போடாத ஒரு சிக்கனக்காரருக்கு நோபல். என் பழைய முதலாளி படித்தால் சந்தோஷப்படுவார்.

* * *

இப்போது அந்த நடுவில் கிடக்கும் ஒரு நாளுக்கு வருவோம்.

மெஷினுக்குச் சில நிமிஷம்தான் வேலை. அப்படியானால் பாட்டில் பீப் அடித்ததும் ஒரு சொட்டு எடுத்து நேரே தட்டில் வைத்துவிட வேண்டியதுதானே? எதற்கு ராத்திரி பூரா பிளேட்டில் வளர்க்க வேண்டும்?

நானும் இதைத்தான் கேட்டேன். தம்பி சிரித்தார்.

"ரத்தம் இருக்கேண்ணே!"

ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். ஒவ்வொன்றிலும் ஹீமோகுளோபின் நிரம்பி வழிகிறது. அதுவும் புரோட்டீன்தான். மெஷினுக்குக் கிருமியின் புரோட்டீன் வேறு, மனிதனின் புரோட்டீன் வேறு என்றெல்லாம் தெரியாது. எதை வைத்தாலும் எடை போடும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் ஒருவர் காதில் ரகசியம் சொன்னால் கேட்குமா? அந்த மாதிரி.

ஆகவே மெஷினில் வேகம் கூட்டிப் பிரயோஜனமில்லை. கழுவுவதில்தான் சூட்சுமம். சிவப்பணுவை உடைக்க வேண்டும். கிருமி உடையக் கூடாது.

இதற்கு ஒரு வழி சபோனின். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வர வைப்பது இந்த சபோனின் வகையறாதான். சிவப்பணுவின் தோலில் கொலஸ்ட்ரால் உண்டு. சபோனின் அதைப் பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிடும். பாக்டீரியாவின் தோலில் பொதுவாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. அதனால் அது தப்பித்துக்கொள்ளும். நம் பாட்டிகள் வெள்ளிக்கிழமை தோறும் தலையில் தேய்த்துவிட்ட சரக்கின் ஒன்றுவிட்ட தம்பி, லேபில் ரத்தத்துக்கு எண்ணெய் முழுக்காட்டுகிறது.

பிறகு சென்ட்ரிஃப்யூஜில் போட்டு ஒரு சுற்று. உடைந்த சிவப்பணுச் சாறு மேலே நிற்கும், கிருமி அடியில் படியும். மேலே நிற்பதைக் கொட்டிவிட்டுக் கழுவி, மறுபடி ஒரு சுற்று. ஆல்கஹாலில் ஒரு அலசல், மறுபடி சுற்று. கடைசியில் ஃபார்மிக் அமிலம் விட்டால் கிருமியின் ஓடு உடைந்து புரோட்டீன் வெளியே வரும். எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அதே அமிலம். அதில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தட்டுக்குப் போகிறது. மொத்தம் அரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே.

2009-ல் பிரான்சில் மார்செய் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பாட்டிலிலிருந்து நேரடியாக இப்படிப் பெயர் கண்டுபிடித்து எழுதினார்கள். 2010-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் அம்மோனியம் குளோரைடு விட்டுச் சிவப்பணுவை உடைத்துக் காட்டினார்கள். பிறகு கம்பெனிகள் இதையே டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தன.

டப்பா வாங்கக் காசில்லாத லேபுகள் இன்னொரு யுக்தி பண்ணின. பிளேட்டில் வளர்க்கத்தான் செய்வார்கள். ஆனால் ராத்திரி பூரா இல்லை, நாலு அல்லது ஆறு மணி நேரம். அதற்குள் புள்ளியெல்லாம் வராது. மங்கலாக ஒரு படலம் படர்ந்திருக்கும். சுரண்டி எடுத்து மெஷினில் வைத்தால் பல சமயம் பெயர் சொல்லிவிடுகிறது.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம் என்று எதற்குக் காத்திருந்தார்கள்? மனிதன் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் புள்ளி பெரிதாக வேண்டும் என்பதற்காக. அதை எடுத்து அடுத்தடுத்த டெஸ்டுக்குப் பங்கிட வேண்டும் என்பதற்காக. மெஷினுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கண்ணுக்காக ஏற்பட்ட காத்திருப்பு, கண்ணின் வேலை மெஷினுக்கு மாறிய பிறகும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்து நாலு வருஷம் கழித்தும் கார்பன் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

* * *

சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்கால். வார்டு டெலிபோன் அடித்தது. சிஸ்டர் எடுத்து, ஒரு பேப்பரில் கிறுக்கிக்கொண்டு, டியூட்டி டாக்டரைத் தேடி ஓடினார். பத்து நிமிஷத்தில் டாக்டர் வந்தார்.

"உங்க அப்பா பாட்டில் ஆறு மணிக்கு அடிச்சிருக்கு. பேர் வந்தாச்சு. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். மருந்தை மாத்தறோம்."

விஷயம் என்னவென்றால், என்டரோகாக்கஸ் நம் குடலில் குடியிருக்கும் ஆசாமி. பிறவியிலேயே செஃப்ட்ரியாக்ஸோனுக்கு மசியாத ஜாதி. இருபத்திரண்டு மணி நேரமாக நாங்கள் ஏற்றியது அதற்கு வெறும் தண்ணீர்! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை உருண்டையாகச் சங்கிலி கோத்த மாதிரி தெரியும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அப்படித்தான் தெரியும். அதற்கு செஃப்ட்ரியாக்ஸோன் பெரும்பாலும் கேட்கும், இதற்குக் கேட்காது. முகஜாடை ஒன்று, குணம் வேறு. பெயர் தெரிந்தால்தான் மருந்து.

மாற்றியது ஆம்பிசிலினுக்கு. 1961-ல் வந்த பழைய மருந்து. (உடனே மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டுவிடாதீர்கள். இது என் அப்பாவின் கிருமிக்கு, அவருடைய டாக்டர் எழுதிய சீட்டு.)

பழைய வழியில் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிளேட்டில் புள்ளி, திங்கட்கிழமை பெயர். நடுவில் இரண்டு ராத்திரி. அந்த இரண்டு ராத்திரிக்கு என்ன விலை? 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. கனடா, அமெரிக்கா ஆஸ்பத்திரிகளில், ரத்தத்தில் கிருமி ஏறி ஷாக் நிலைக்குப் போன 2,731 பேரின் கேஸ் கட்டுகளைப் புரட்டினார்கள். பி.பி. விழுந்த முதல் ஆறு மணி நேரத்தில், சரியான மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர்கள் சராசரியாக 7.6 சதவிகிதம் குறைந்தார்கள். மணிக்கு 7.6! எந்த மார்வாடியும் கேட்காத வட்டி.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பி.பி. நின்றது. திங்கட்கிழமை காலையில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருந்து மாற்றியதுதான் முழுக் காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பி.காம். ஆனால் அந்த ராத்திரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரிசோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

* * *

திங்கட்கிழமை தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வடையும்தான். கும்பிடப் போனேன், கூச்சப்பட்டார்.

"எல்லாத்துக்கும் இப்படி அமையாதுண்ணே. ரத்தத்துல ரெண்டு கிருமி இருந்தா மெஷின் ஒண்ணைத்தான் சொல்லும். சிலதோட ஓடு ரொம்பக் கெட்டி, உடையாது, மெஷின் கையை விரிச்சிடும். அதனால பிளேட்டும் கூடவே போட்டுத்தான் வைப்போம். எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிற டெஸ்டுக்குக் கிருமி வளர்ந்தே தீரணும். அதுல குறுக்கு வழி கம்மி."

அதிலும் கொஞ்சம் விடிவு வந்திருக்கிறது. பாட்டிலிலிருந்து நேரே பிளேட்டில் ஊற்றி, மருந்து வட்டுகளை வைத்து, நாலு, ஆறு, எட்டு மணி நேரத்தில் படிக்கும் முறையை ஐரோப்பியக் கமிட்டி ஒன்று 2018-ல் கொண்டுவந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? இந்த மெஷின் இருக்கு, கழுவுறதும் இருக்கு. எல்லாம் பண்ணி ராத்திரி ஒன்பது மணிக்கு ரிப்போர்ட்டை கம்ப்யூட்டர்ல போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன்னு வைங்க. வார்டுல யாரு பார்ப்பாங்க? காலையில ரவுண்ட்ஸ்லதான். நான் மிச்சம் பிடிச்ச பன்னெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர்ல தூங்கும். அதனாலதான் போனை எடுத்துடுவேன்."

இதற்கும் அத்தாட்சி உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மால்டி-டாஃப் வாங்கினார்கள். வாங்கியதோடு நிற்காமல், பெயர் வந்தவுடன் மருந்துக் குழுவுக்குத் தகவல் போய், அவர்கள் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடும் செய்தார்கள். 2013-ல் கணக்கு வெளியிட்டார்கள். பெயர் தெரிய முன்பு 84 மணி நேரம், பிறகு 56. சரியாகக் கேட்கும் மருந்து ஏற முன்பு 30 மணி நேரம், பிறகு 20. மெஷினும் டெலிபோனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பத்து மணி நேரம் அது.

எட்டு வருஷம் ஆபீஸில் இருந்தவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு ஃபைலில் வேலை என்று பார்த்தால் இருபது நிமிஷம். மிச்சம் பதினைந்து நாளும் அது யாராவது ஒருவர் மேஜையில் படுத்திருக்கும். கேட்டால், 'நான் அன்னிக்கே முடிச்சுட்டேன் சார்' என்போம். முடித்ததை அடுத்தவரிடம் சொன்னோமா என்று யாரும் கேட்பதில்லை. என் ட்ரேயில் படுத்திருந்த காகிதங்களுக்குக் கீழே யார் வீட்டு அப்பா காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையாவது 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று ஒதுக்கினால், இப்போதெல்லாம் கையில் பெட் நம்பர் எழுதிக்கொண்டு போன அந்தத் தம்பி ஞாபகம் வருகிறார்.

அப்பா அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் ஆனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வரி வரியாகப் படித்தார். முப்பது வருஷம் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர். ஆம்பிசிலின் வரியில் விரல் நின்றது.

"என்னடா இது, மருந்து இவ்வளவுதானா? இதைக் கண்டுபிடிக்கிறதுக்கா இவ்வளவு பில்லு? முதல்லயே என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

"கேட்டேன்ப்பா. நீங்கதான் பெரியப்பாகிட்ட பேசிட்டு இருந்தீங்க."